டிடி-830டி மல்டிமீட்டர்: மின்சுற்று படிக்கும் மாணவருக்கு வாங்கித் தரலாமா?

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, ஊர்ப்பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையாக இருந்தாலும் சரி, மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டர் என்று கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது இந்த டிடி-830டி-யைத்தான். கையடக்கமான பெட்டி, நடுவில் பெரிய திருகுகுமிழ், மேலே சிறு திரை, ஒரு கறுப்பு வயர், ஒரு சிவப்பு வயர். விலை பெரும்பாலும் 200, 300 ரூபாய்க்குள். இதைச் செய்வது ஒரே நிறுவனம் அல்ல. இதே வடிவத்தைப் பலரும் பல பெயர்களில் செய்து விற்கிறார்கள். அதனால் ஒரு கடையில் வாங்கியதும் அடுத்த கடையில் வாங்கியதும் ஒரே தரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மின்னோட்டவியல் படிக்கும் பிள்ளைக்கு இதைத் தாராளமாக வாங்கித் தரலாம். இரண்டு நிபந்தனைகள் மட்டும். வீட்டின் 230 வோல்ட் பக்கம் இது போகவே கூடாது. அடுத்தது, மின்சுற்றில் மீட்டரை வைத்த கணமே அதுவும் அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்ற நினைவு பிள்ளைக்கு இருக்க வேண்டும். அம்மீட்டரின் மின்தடை மிகக் குறைவு, வோல்ட்மீட்டரின் மின்தடை மிக அதிகம் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த ‘மிக’ என்பது எவ்வளவு? இந்த மீட்டரில் அதற்குத் துல்லியமான எண் இருக்கிறது, அதை வீட்டிலேயே அளந்தும் பார்க்கலாம். இதை வாங்கச் சொல்வதற்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் அதுதான்.

முதலில் முகப்பைப் பார்ப்போம். திரை 1999 வரை எண்ணும். அதற்கு மேல் போனால் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1 மட்டும் நிற்கும். ‘மின்தடை 1 ஓம்’ என்று நோட்டில் எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. அதற்குப் பொருள் ‘இந்த வரிசைக்குள் (குமிழில் தேர்ந்தெடுத்த அளவு எல்லைக்குள்) அடங்கவில்லை’ என்பதே. நேர்மின்னழுத்தத்துக்கு 200 மில்லிவோல்ட், 2000 மில்லிவோல்ட், 20, 200, 1000 வோல்ட் என்று ஐந்து வரிசைகள். மின்தடைக்கு 200 ஓமிலிருந்து 2000 கிலோ ஓம் வரை. நேர்மின்னோட்டத்துக்கு மைக்ரோஆம்பியரில் தொடங்கி 200 மில்லிஆம்பியர் வரை, தனியாக 10 ஆம்பியர். மாறுமின்னோட்டத்தை இது அளக்காது. மாறுமின்னழுத்தத்துக்கு மட்டும் 200, 750 என இரண்டு வரிசைகள்.

செருகும் துளைகள் மூன்று. கறுப்பு வயர் எப்போதும் ‘காம்’ (COM, பொது) என்று எழுதிய துளையில். சிவப்பு பெரும்பாலும் நடுத்துளையில். வோல்ட், ஓம், மில்லிஆம்பியர் எல்லாம் அதில்தான். 10 ஆம்பியர் அளக்க மட்டும் மூன்றாவது துளை. நடுத்துளையின் மில்லிஆம்பியர் பாதையில் சிறு கண்ணாடி ஃபியூஸ் உண்டு. 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, முகப்பிலேயே அப்படி அச்சிட்டிருக்கும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரை நடுத்துளைக்கு மாற்றிவிடும் பழக்கத்தை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

வோல்ட்டிலிருந்து தொடங்கலாம். புதிய 1.5 வோல்ட் பென் டார்ச் மின்கலத்தை 2000 மில்லிவோல்ட் வரிசையில் வைத்தால் 1600-ஐ ஒட்டி ஓர் எண் வரும். 20 வோல்ட் வரிசையில் அதுவே 1.60. முனையை மாற்றி வைத்தால் கழித்தல் குறி வரும், மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. இந்த வேலைக்கு இது நல்ல மீட்டர். பள்ளிக்கணக்கில் தேவைப்படும் துல்லியத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

மின்கலத்தின் அகத்தடையைக் காண இதுவே போதும். முதலில் மின்கலத்தை மட்டும் அளக்கவும், 1.58 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதன் குறுக்கே 10 ஓம் ரெசிஸ்டரை (மின்தடையாக்கியை) இணைத்து, இணைப்பு இருக்கும்போதே மறுபடி அளக்கவும். 1.47-க்கு இறங்கியிருந்தால் 0.11 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே செலவாகிறது என்று பொருள். மின்னோட்டம் 1.47 ÷ 10 = 0.147 ஆம்பியர். அகத்தடை 0.11 ÷ 0.147, ஏறத்தாழ 0.75 ஓம். ரெசிஸ்டரை ஐந்து விநாடிக்கு மேல் மாட்டி வைக்க வேண்டாம், மின்னழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். கடிகாரத்தில் ஓடி ஓய்ந்த பழைய மின்கலத்தில் இதையே செய்து பாருங்கள். தனியாக அளந்தால் 1.3, 1.4 என்று பிழைத்திருப்பதுபோலக் காட்டும். ரெசிஸ்டரை வைத்ததும் சரிந்துவிடும். மின்னியக்கு விசைக்கும் (தனியாக அளந்தது) முனை மின்னழுத்தத்துக்கும் (மின்னோட்டம் பாயும்போது அளந்தது) உள்ள வேறுபாடு அந்தச் சரிவில் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

இனி வோல்ட்மீட்டரின் மின்தடை. இந்த வகை மீட்டரில் அது வழக்கமாக 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம். சரிதானா என்று பார்ப்பது எளிது. 9 வோல்ட் மின்கலத்தை நேராக அளக்கவும், 9.4 என்று வரட்டும். பிறகு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றை (பழுப்பு, கறுப்பு, பச்சை) சிவப்பு முனைக்கும் மின்கலத்துக்கும் இடையே தொடராக வைத்து அளக்கவும். 4.7 காட்டினால் மீட்டரின் மின்தடையும் 1 மெகா ஓம்தான். மின்னழுத்தத்தை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 8.5 காட்டினால் உங்கள் கையில் இருப்பது 10 மெகா ஓம் உள்ள மேலான மீட்டர்.

பத்து லட்சம் ஓம் எப்போது போதாது? இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுங்கள். கணக்குப்படி ஒவ்வொன்றின் குறுக்கேயும் 4.5. மீட்டர் காட்டுவதோ 3 வோல்ட்! மீட்டர் கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை. ஒரு ரெசிஸ்டருக்குப் பக்க இணைப்பில் மீட்டரின் 1 மெகா ஓம் சேர்ந்ததும் அந்தப் பகுதியின் தொகுபயன் மின்தடை 0.5 மெகா ஓமாகிவிட்டது. 9-ல் மூன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். அதே சோதனையை இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் செய்தால் 4.5 ஒழுங்காக வரும், ஏனென்றால் ஆயிரம் ஓமுக்கு முன்னால் பத்து லட்சம் ஓம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பக்க இணைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனையைச் சொல்வது கடினம்.

பிளஸ் டூ மாணவருக்கு இதே 1 மெகா ஓம் இன்னொரு வகையில் உதவும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 9 வோல்ட்டில் மின்னேற்றி (முனை பார்த்து), மின்கலத்தை விலக்கிவிட்டு மீட்டரை மட்டும் குறுக்கே வையுங்கள். மீட்டர் வழியாகவே அது மெல்ல மின்னிறங்கும். காலமாறிலி (மின்தடை × மின்தேக்குத்திறன்) 100 விநாடி. அத்தனை விநாடி கழிந்ததும் ஏறத்தாழ 3.3 வோல்ட் மிஞ்சும். மின்தேக்கியில் எழுதிய மதிப்பே 20 சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால் 90 விநாடியோ 115 விநாடியோ வந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். பத்து விநாடிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போட்டால் அடுக்குக்குறி வளைகோடு அழகாக விழும்.

மின்னோட்டத்துக்கு வருவோம். அதிகம் பழுதாவதும் அதிகம் தவறாகப் பயன்படுவதும் இந்தப் பக்கம்தான். வோல்ட் அளக்கக் குறுக்கே தொட்டால் போதும். ஆம்பியர் அளக்கச் சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, அந்த இடைவெளியை மீட்டரால் நிரப்ப வேண்டும். குமிழை 200 மில்லிஆம்பியரில் வைத்துவிட்டு, வோல்ட் அளப்பதுபோல மின்கலத்தின் இரு முனையையும் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். ஏன்? அந்த வரிசையில் மீட்டரின் மின்தடை ஏறத்தாழ 1 ஓம்தான். மின்கலத்துக்கு 1 ஓமைக் குறுக்கே வைத்ததாகிறது, 200 மில்லிஆம்பியரைப் பல மடங்கு தாண்டிப் பாயும். பிறகு வோல்ட் ஒழுங்காகக் காட்டும், மில்லிஆம்பியர் மட்டும் எப்போதும் 0. அப்படி வந்தால் பின்மூடியைக் கழற்றி, எழுதியிருக்கும் அதே அளவு ஃபியூஸை மாற்றுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ செம்புக் கம்பியையோ அந்த இடத்தில் வைக்கவே கூடாது. அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் எரியும்.

வரிசை மாறினால் அம்மீட்டரின் மின்தடையும் மாறும். இது பலருக்குத் தெரியாது. 200 மில்லிஆம்பியரில் 1 ஓம், 20 மில்லிஆம்பியரில் 10 ஓம், 2000 மைக்ரோஆம்பியரில் 100 ஓம். ஒவ்வொரு வரிசையிலும் முழு அளவு பாயும்போது மீட்டருக்குள் 0.2 வோல்ட் இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சில்லு உண்மையில் அளப்பது அந்தச் சிறு மின்னழுத்தத்தைத்தான். 470 ஓம் ரெசிஸ்டரும் 6 வோல்ட்டும் உள்ள சுற்றில் 12.77 மில்லிஆம்பியர் பாய வேண்டும். 200 வரிசையில் 12.7 வரும், 20 வரிசைக்கு மாற்றினால் 12.5-ஐ ஒட்டி இறங்கும். இரண்டாவது அளவீட்டில் தசம இடம் கூடுதல், ஆனால் சுற்றில் 10 ஓம் சேர்ந்துவிட்டதால் மின்னோட்டமே குறைந்துவிட்டது.

ஓம் விதிச் சோதனையில் இது நேராக வந்து இடிக்கும். வழக்கமாக 100 ஓம் ரெசிஸ்டரும் நான்கு மின்கலங்களும் எடுக்கச் சொல்வார்கள். கால் வாட் ரெசிஸ்டருக்கு அது சரிவராது: 6 வோல்ட்டில் 60 மில்லிஆம்பியர், அதாவது 0.36 வாட். தொட்டால் சுடும், மின்தடையும் மெல்ல மாறும். 220 ஓம் எடுங்கள் (சிவப்பு, சிவப்பு, பழுப்பு). 6 வோல்ட்டில் 27 மில்லிஆம்பியர், 0.16 வாட், பாதுகாப்பு. ஒரு மின்கலத்துக்கு 6.8, இரண்டுக்கு 13.6, மூன்றுக்கு 20.5, நான்குக்கு 27.3 என்று வர வேண்டும். இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. முதல் இரண்டையும் 20 மில்லிஆம்பியர் வரிசையில் அளந்துவிட்டு, மூன்றாவது அடங்காது என்று 200-க்கு மாற்றினால், வரைபடத்தில் நேர்கோடு நடுவில் ஒடியும். ரெசிஸ்டர் முனைகளுக்கு இடையே உண்மையில் உள்ள மின்னழுத்தத்தை அளக்காமல் ‘மூன்று மின்கலம் என்றால் 4.5’ என்று எழுதியவர்களுக்குத்தான் இந்த ஒடிசல் வரும். தொடக்கம் முதலே 200 வரிசையில் வையுங்கள், வோல்ட்டை ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து எழுதுங்கள். இந்த விலையில் இரண்டு மீட்டர்கள் வாங்கி, ஒன்றை அம்மீட்டராகவும் மற்றதை வோல்ட்மீட்டராகவும் வைத்துக்கொள்வது உத்தமம்.

டார்ச் பல்பு இன்னொரு பொறி. 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று எழுதிய இழை பல்பு இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் தேடலாம். அதன் மின்னோட்டம் 300 மில்லிஆம்பியர் என்பதால் 200 வரிசையில் வைக்கக் கூடாது. சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி அளக்கவும். 0.30 என்று இரண்டு தசமம்தான் காட்டும், போதும். எரியும்போது மின்தடை 2.5 ÷ 0.3 = 8.3 ஓம். பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, 200 ஓம் வரிசையில் அளந்தால் 1 ஓமை ஒட்டித்தான் வரும். இழை சூடேறும்போது மின்தடை ஏறுகிறது, ஓம் விதி மாறா வெப்பநிலையில்தான் பொருந்தும் என்ற வாசகம் அந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது. வீட்டில் பழைய 60 வாட் குண்டு பல்பு இருந்தால், ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகு அதையும் அளக்கலாம். 230 வோல்ட்டில் எரியும்போது அதன் மின்தடை 882 ஓம் என்று கணக்கு சொல்லும். குளிர்ந்த நிலையில் மீட்டர் சொல்வது 60 ஓம் அளவில்.

மின்தடை அளக்கும்போது மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். மின்கலம் இணைந்திருக்கும் சுற்றிலேயே ஓம் அளப்பது முதலாவது. மீட்டர் தன் சொந்த மின்கலத்திலிருந்து சிறு மின்னோட்டம் அனுப்பித்தான் மின்தடையை அறிகிறது, வெளி மின்னழுத்தம் புகுந்தால் எண் பொய்யாகும், மீட்டரும் கெடலாம். ரெசிஸ்டரின் இரு முனையையும் விரலால் அழுத்திப் பிடிப்பது அடுத்தது. உங்கள் உடலும் பக்க இணைப்பில் சேர்ந்துவிடும், 1 மெகா ஓம் அளக்கும்போது நன்றாகத் தெரியும். மூன்றாவது, வயர்களின் சொந்த மின்தடையை மறப்பது. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0 வராது, 0.4, 0.6 என்று ஏதோ நிற்கும். அதைக் குறித்துக்கொண்டு, அளந்ததிலிருந்து கழிக்க வேண்டும்.

கம்பியின் மின்தடை எண் காண நிக்ரோம் கம்பி வாங்கினால் 30 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கேளுங்கள். விட்டம் 0.315 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 14 ஓம். 25, 50, 75, 100 சென்டிமீட்டரில் அளந்தால், நீளத்துக்கு நேர்விகிதத்தில் மின்தடை ஏறுவது ஒழுங்காகத் தெரியும், வயர் மின்தடையைக் கழித்தால் கோடு தொடக்கப்புள்ளி வழியாகவே போகும். அதே கேஜ் செம்புக் கம்பியில் இதை முயல வேண்டாம். ஒரு மீட்டருக்கு 0.22 ஓம்தான். இந்த மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம், வயரின் மின்தடையோ அதைவிட அதிகம். அந்த அளவுக்கு இது உதவாது.

சுற்று ஏன் வேலை செய்யவில்லை என்று தேட, இரு முனைகளுக்கு இடையே இணைப்பு அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் பஸர் உள்ள மாதிரி மிக வசதி. எல்லா 830டி-யிலும் பஸர் இருப்பதில்லை, பார்த்து வாங்குங்கள். பஸர் இல்லாவிட்டாலும் வோல்ட் வரிசையை வைத்தே பழுதைப் பிடிக்கலாம். தொடர்ச்சுற்றில் சுவிட்சைப் போட்டும் பல்பு எரியவில்லை என்றால், ஒவ்வோர் உறுப்பின் குறுக்கேயும் அளந்துகொண்டே வாருங்கள். எங்கே மின்கலத்தின் முழு வோல்ட்டும் தெரிகிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது. மின்னோட்டம் இல்லாததால் மற்ற உறுப்புகளில் மின்னழுத்தம் எதுவும் இறங்கவில்லை. முழுவதும் அந்த இடைவெளியில் நிற்கிறது. ‘அறுந்த இடத்தில் வோல்ட் எப்படி இருக்கும்’ என்று குழம்பும் பிள்ளைக்கு, இரண்டு மின்கலச் சுற்றில் சுவிட்சை அணைத்து அதன் குறுக்கே 3 வோல்ட்டையும், போட்டுவிட்டு 0-வையும் காட்டினால் குழப்பம் தீரும்.

230 வோல்ட் விஷயத்தில் எந்தத் தளர்வும் வேண்டாம். முகப்பில் 750 என்றும் 1000 என்றும் அச்சிட்டிருப்பதை நம்பி வீட்டுப் பிளக்கில் வைக்கக் கூடாது. வயரின் உறை மெலிது, முனையில் விரல் வழுக்காமல் தடுக்கும் விளிம்பு சிறிது, உள்ளே இருப்பது சாதாரண கண்ணாடி ஃபியூஸ். சிவப்பு வயர் தவறி 10 ஆம்பியர் துளையில் இருந்துவிட்டால், ஃபேஸையும் நியூட்ரலையும் நூறில் ஒரு பங்கு ஓமால் குறுக்கிட்டதாகிவிடும், தடுக்க ஃபியூஸும் இல்லை. பைக் பேட்டரி 12 வோல்ட்தானே என்றும் அசட்டையாக இருக்க வேண்டாம்; அதே தவறை அதில் செய்தால் வயர் உருகிக் கையைச் சுடும். பள்ளிப் பாடத்துக்கு நான்கு பென் டார்ச் மின்கலங்களும் ஒரு 9 வோல்ட் மின்கலமும் போதும்.

கூடுதல் விலையில் வரிசையைத் தானே தேர்ந்தெடுக்கும் மீட்டர்கள் கிடைக்கும். வேலைக்குப் போகிறவருக்கு அவை மேல். படிக்கும் பிள்ளைக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். குமிழைத் திருப்பும் முன் ‘இங்கே எத்தனை மில்லிஆம்பியர் வரும்’ என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட வைப்பது இந்த மீட்டர்தான்.

நாள்பட வரும் தொல்லைகளில் முக்கியமானது உள்ளே இருக்கும் 9 வோல்ட் மின்கலம். அது தளர்ந்து 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் மீட்டர் மங்குவதற்கு முன்பே பொய் சொல்லத் தொடங்கும், அதுவும் கூடுதலாகக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் உள் மின்னழுத்தம் குறைந்துவிடுவதால், அளக்கும் மின்னழுத்தம் பெரிதாகத் தெரிகிறது. புதிய 1.5 வோல்ட் மின்கலம் 1.8, 1.9 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம், மீட்டரின் மின்கலத்தை மாற்றுங்கள். இது தானாக அணையாது. குமிழை ‘ஆஃப்’ பக்கம் திருப்ப மறந்தால் சில நாளில் தீர்ந்துவிடும். அடுத்தது வயர். முனைக்கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்து, வெளியே நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இரு முனைகளையும் தொடவைத்து, வயரை வளைத்துக்கொண்டே 200 ஓம் வரிசையில் பாருங்கள். எண் துள்ளினால் அங்கே வெட்டிப் பற்றவைக்க வேண்டும்.

கடையிலேயே இரண்டு நிமிடம் செலவிடுங்கள். முனைகளைத் தொடவைத்து 200 ஓம் வரிசையில் 1 ஓமுக்கு மேல் காட்டினால் வேறு வயர் கேளுங்கள். கையோடு ஒரு புதிய மின்கலத்தைக் கொண்டுபோய் 2000 மில்லிவோல்ட், 20 வோல்ட் இரண்டிலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு 220 ஓம் ரெசிஸ்டரை 2000 ஓம் வரிசையில் வைத்தால் 209-க்கும் 231-க்கும் நடுவே வர வேண்டும். குமிழை இருபுறமும் முழுச்சுற்று திருப்பி ஒவ்வொரு நிலையிலும் நறுக்கென்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் அதன் பிடியில் கழற்றி மாற்றும்படி இருந்தால் வாங்கலாம். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.